பாராங்கும் கெரிஸும்: எது கருவி, எது ஆயுதம்?

இந்தோனேசியாவில் 1951ஆம் ஆண்டு வந்த அவசரச் சட்டம் எண் 12, உரிமையின்றி வெட்டுகத்தியோ குத்துகத்தியோ வைத்திருப்பவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. அடுத்த உட்பிரிவிலேயே விலக்கும் கொடுத்தது. வேளாண்மைக்கும் வீட்டு வேலைக்கும் முறையான தொழிலுக்கும் வைத்திருப்பவை இதில் சேராது. பரம்பரைச் சொத்தாகவோ பழம்பொருளாகவோ அதிசயப் பொருளாகவோ வைத்திருப்பவையும் சேராது. காட்டில் விறகு வெட்டும் பாராங் என்ற வெட்டுகத்தியும் தப்பியது, மணமகன் இடுப்பில் செருகும் கெரிஸ் என்ற குத்துவாளும் தப்பியது. ஆனால் இரண்டும் தப்பிய வழி வேறு வேறு.

மலாய்க்காரர்களின், யாவானியர்களின் கத்திகளைப் பற்றி வெளியார் எழுதுவதில் பெரும்பாலும் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. அருங்காட்சியகச் சுவரில் எல்லாமே ‘ஆயுதங்கள்’ என்ற பலகையின் கீழ் வரிசையாகத் தொங்கும். புல்லறுக்கும் அரிவாளுக்குப் பக்கத்தில் அரண்மனைக் குத்துவாள் இருக்கும். பெயரை வைத்தும் செதுக்கு வேலையை வைத்தும் தரம் பிரிப்பார்கள். கத்தி எதற்காக அடிக்கப்பட்டது என்பதை அவை சொல்வதில்லை. பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு: வெட்டும் விளிம்பான வாய் எப்படித் தீட்டப்பட்டிருக்கிறது, பிடிக்குள் நுழையும் காம்பு எப்படிப் பொருந்தியிருக்கிறது. இந்த இரண்டைப் பார்த்தால் கொல்லன் மனத்தில் இருந்தது மரமா மனிதனா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பாராங்கின் உடம்பு

மலேசியத் தமிழர்களுக்குப் பாராங் கத்தியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தோட்டத்திலும் வீட்டின் பின்புறத்திலும் கிடக்கும். நாளிதழின் குற்றச் செய்திகளில் அடிக்கடி வரும். பின்னதால்தான் அதற்குக் கெட்ட பெயர். அலகின் நீளம் 25 முதல் 45 சென்டிமீட்டர். எடை அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ. பிடியருகே முதுகு 5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிமனாக இருந்து நுனிக்குப் போகப் போக 3 வரை மெலியும். அகலத்தின் போக்கு இதற்கு நேரெதிர்: பிடியருகே குறுகியிருந்து, நுனிக்குச் சற்று முன்னால் விரிந்து வயிறு வைக்கும். அதனால் கையில் எடுத்ததும் தலை கனக்கும். வீசும்போது தோளுக்குப் பதில் அந்தக் கனம் வேலை செய்யும்.

வாயில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. தென்னமெரிக்காவின் மச்சேத்தே 2, 3 மில்லிமீட்டர் தகட்டில் செய்த நீண்ட, மெல்லிய கத்தி. புல்லுக்கும் கரும்புக்கும் அது போதும். மலாய்க் காட்டில் வெட்ட வேண்டியவை பிரம்பு, மூங்கில், கட்டைவிரல் பருமனுள்ள கொடி, கைப்பருமன் இளமரம். மெல்லிய தகடு மரத்துக்குள் போனால் மரம் அதைக் கவ்விக்கொள்ளும். ஒவ்வொரு வெட்டுக்கும் இழுத்து விடுவிக்க வேண்டியிருக்கும். பாராங்கின் வாயோ தட்டையாகத் தீட்டப்படுவதில்லை. இருபுறமும் லேசாக உப்பி வந்து பிறகுதான் கூராகிறது. அந்த உப்பல் மரத்தை இரு பக்கமும் தள்ளிப் பிளப்பதால் அலகு சிக்காது. சில்லு தெறித்து விழும்.

நல்ல பாராங்கில் ஒரே வாயில் மூன்று கூர் இருக்கும். வயிற்றுப் பகுதியில் இரு சரிவும் சேர்ந்து ஏறத்தாழ 40 பாகை: வெட்டுவதற்கு. பிடியை ஒட்டிய நாலு விரல் நீளம் 25, 30 பாகைக்கு மெலிந்திருக்கும்: ஆப்பு செதுக்க, பிரம்பு வகிர, கம்பு கூராக்க. நுனிப்பகுதியும் மெல்லியது: தோலுரிக்க, மீன் அறுக்க. மூன்றையும் ஒரே கோணத்தில் தீட்டிவிடுவது புதிதாக வாங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு. வயிறு மெலிந்துபோய் மூங்கில் கணுவில் பட்டதும் பிறை வடிவில் சிதறும். இரண்டாவது தவறு சாணைச் சக்கரம். பொறி பறக்கத் தீட்டும்போது வாயோரம் நீலம் பாய்ந்தால், அந்த இடத்தில் தோய்ச்சல் (சுட்டு முக்கி ஏற்றிய கடினம்) போயிற்று என்று பொருள். எத்தனை முறை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. நீலம் பாய்ந்த பகுதி முழுதும் தேயும் வரை காத்திருக்க வேண்டும். கத்தியை முழங்காலுக்கும் கட்டைக்கும் இடையே அசையாமல் வைத்து, கல்லை வயிற்றின் வளைவோடு நகர்த்தித் தீட்டுவதே முறை.

வெட்டும் முறையும் இந்த வாயைச் சார்ந்ததே. மூங்கிலை நேர்க்குறுக்கே அடித்தால் கத்தி துள்ளித் திரும்பும். 45 பாகைச் சாய்வில், கணுவுக்குச் சற்று மேலே அடித்தால் நார் வழுக்கிப் பிரியும். வெட்டு தவறினால் கத்தி எங்கே போய் நிற்கும் என்பதை முதலில் பார்த்துவிட்டுக் காலை வைக்க வேண்டும். தலை கனத்த கத்தி பாதி வீச்சில் நிற்காது. தவறிய வெட்டு வெட்டுபவரின் காலிலேயே விழுவது இதனால்தான்.

ஊருக்கு ஊர் வடிவம் மாறும். மலேசிய வடமாநிலங்களில் பெயர் பெற்ற சண்டோங், முன்பக்கம் கனத்த, குறுகிய பிடிக்கழுத்துக் கொண்ட கத்தி. மேற்கு யாவாவின் சுண்டானியர்கள் வைத்திருப்பது பெடோக். ஜகார்த்தா பக்கத்து பெத்தாவி மக்களிடம் கோலோக். இரண்டும் பாராங்கைவிடக் குட்டை, முதுகு தடிமன் கூட. நடு யாவாவில் பெண்டோ. ஈரக்காட்டில் நாள் முழுக்க நடப்பவருக்கு நீண்ட மெல்லலகும், தென்னந்தோப்பிலும் விறகுக்கட்டையிலும் வேலை செய்பவருக்குக் குட்டைக் கனமும் பிடித்துப்போயின. போர்னியோவில் டயாக் மக்களின் மண்டாவ் தனி வகை. அதன் அலகு ஒரு பக்கம் குவிந்தும் மறுபக்கம் குழிந்தும் இருக்கும். வலக்கைக்காரருக்குச் செய்தது இடக்கைக்காரருக்கு உதவாது. செதுக்குவதில் அதற்கு நிகரில்லை. பழகாத கையில் வெட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடும்.

லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து

இன்று சுகபூமி அருகே சிபாத்துவிலும், பண்டுங்குக்குத் தெற்கே சிவிடேயிலும் கொல்லர் பட்டறைகளில் அடிபடும் எஃகில் பெரும்பங்கு லாரி ஸ்பிரிங் பட்டை. திருப்பாச்சேத்தி அரிவாளும் அதே பட்டையில்தான் பிறக்கிறது. காரணமும் ஒன்றே. பட்டையில் நூற்றுக்கு 0.5 முதல் 0.6 பங்கு கரிமம் இருக்கும். சேர்மானத்தில் குரோமியமோ சிலிக்கனோ உண்டு. வளைந்து மீளும் தன்மைக்காகவே செய்த எஃகு என்பதால் அடி தாங்கும். விலையும் மலிவு.

எந்தப் பட்டையை எடுப்பது என்பதில் கொல்லனின் கண் வேலை செய்ய வேண்டும். பல லட்சம் முறை வளைந்து நிமிர்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம், குறிப்பாக நடுவில் போல்ட் போகும் துளையைச் சுற்றி. அந்தத் துளைப்பகுதியை வெட்டி எறிந்துவிட வேண்டும். காசு மிச்சம் பிடிக்க அதையும் சேர்த்து அடித்தால் தோய்ச்சலின்போது வெடிப்பு வாய் திறக்கும்.

பட்டையை ஆரஞ்சு நிறம் வரும்வரை உலையில் சுட்டு, சூட்டுளியால் அளவுக்கு வெட்டுவார்கள். தலைமைக் கொல்லனான பாண்டே சிறு சுத்தியலால் இடம் காட்ட, எதிரே நிற்கும் பாஞ்சாக் சம்மட்டியால் அடிப்பார். முதலில் காம்பை இழுப்பார்கள். அடுத்து முதுகு மெலிவு, பிறகு வயிறு, கடைசியாக வாய்ச்சரிவு. வாயை அடித்து மெலிக்கும்போது அந்தப் பக்கம் நீண்டு, அலகு முதுகுப் பக்கமாக வளையும். அதை எதிர்பார்த்து முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வளைத்துக்கொள்வதில் கைப்பழக்கம் தெரியும். சிவப்பு மங்கிய பிறகும் அடித்துக்கொண்டிருந்தால் எஃகில் மயிரிழை வெடிப்பு விழும். அளவுக்கு மீறி வெள்ளைச் சூடேற்றினால் எஃகின் உள்ளிருக்கும் படிக மணிகள் பெருத்து, உடைந்த இடம் உப்புக்கல் மாதிரி மினுங்கும். அப்படி உடைந்த பாராங்கில் குறை எஃகினுடையதல்ல, உலையில் நின்றவருடையது.

தோய்ச்சலுக்கு முழு அலகையும் முக்குவதில்லை. காந்தம் ஒட்டாத சூடு 770 பாகை செல்சியஸ் அளவில் வரும். அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏற்றி, வாய்ப்பக்கம் இரண்டு விரல் மட்டும் எண்ணெயில் இறக்குவார்கள். முதுகு மென்மையாகவே இருக்கும். அதிர்ச்சியை அதுதான் வாங்கிக்கொள்கிறது. ஸ்பிரிங் எஃகைத் தண்ணீரில் முக்கினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அது வாய் பிளந்த சத்தம். தண்ணீரில் முக்கிப் பழகிய பழைய கொல்லர்கள் அன்று கையாண்டது கரிமம் குறைந்த வேறு எஃகு. புதிய பட்டைக்கு அந்தப் பழக்கம் பொருந்தாது. முக்கியதும் வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகில் மிஞ்சிய சூடு வாய்க்கு ஓடி வரும்போது நிறத்தைக் கவனிக்க வேண்டும். வைக்கோல் மஞ்சளில் நிறுத்தினால் கூர் நிற்கும், ஆனால் கணுவில் பட்டுச் சிதறும். பழுப்பு கடந்து ஊதா எட்டும்போது நிறுத்துவது பாராங்குக்குச் சரி. முழு நீலம் விட்டால் வாய் மடங்கும்.

காம்பும் உறையும்

பாராங்கின் காம்பு பெரும்பாலும் பிடியின் மறுமுனை வரை போவதில்லை. நீண்ட ஆணி போல் கூம்பிப் பாதிக்கு மேல் போய் நிற்கும். காம்பைச் சிவக்கச் சுட்டு, மரப்பிடியில் போட்ட துளைக்குள் கொஞ்சங்கொஞ்சமாக எரித்து இறக்குவார்கள். துளை காம்பின் வடிவத்துக்கே அமையும். பிறகு உருக்கிய அரக்கையோ குங்கிலியத்தையோ ஊற்றி மீண்டும் இறக்குவார்கள். பிடியின் வாயில் பித்தளை அல்லது இரும்புப் பூண். பூண் இல்லாத பிடி முதல் மாதத்திலேயே பிளக்கும்.

இதில் உடையக்கூடிய இடம் அலகும் காம்பும் சேரும் தோள். அங்கே கொல்லன் மூலையைச் சதுரமாக அரத்தால் வெட்டியிருந்தால் எல்லா அதிர்வும் அந்த மூலையில் குவியும். வளைவாக விட்டிருந்தால் நெடுநாள் நிற்கும். வாங்கும்போது பூணுக்குள் மறைந்திருப்பதால் இது கண்ணுக்குத் தெரியாது. அலகைத் தளர்வாகப் பிடித்து முதுகை விரலால் சுண்டிக் கேட்கலாம். தெளிவான ஓசை நீண்டு ஒலித்தால் காம்பு இறுக்கம்; கடகடத்தால் அரக்கு விட்டிருக்கிறது. அரக்கு வெயிலில் இளகும் என்பது குறை. காம்பைச் சுட்டு எவரும் வீட்டிலேயே மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்பது நிறை. இப்போது வரும் எபாக்ஸிப் பசை இளகாது, ஆனால் பிடி உடைந்தால் எளிதில் கழற்றவும் முடியாது. காட்டில் பிடி உடைகிறவருக்கு எது நல்லது என்று சொல்ல வேண்டியதில்லை.

பிடியின் அடி கீழ்ப்பக்கமாக வளைந்து கொக்கி போல் இருப்பது அழகுக்காக அல்ல. வியர்வையிலும் மழையிலும் கை வழுக்கும்போது சுண்டுவிரல் மாட்டிக்கொள்ள அது வேண்டும்.

உறை இரண்டு மரப்பலகையைக் குடைந்து பிரம்பால் கட்டியது. இடக்கையால் உறையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கத்தியை உருவுவது ஆபத்து. வாய்ப்பக்கம் பலகைகள் சேரும் இடத்தைக் கத்தி உள்ளிருந்தே அறுத்துக்கொண்டு வரும். பிரம்புக்கட்டு தளர்ந்திருந்தால் விரல் போகும். உறையின் முதுகுப்பக்கத்தை மட்டும் பிடிக்க வேண்டும், உருவும்போது அலகின் முதுகை உறையில் அழுத்தி இழுக்க வேண்டும்.

போருக்குப் போன பண்ணைக்கத்தி

கருவி ஆயுதமாவதற்குச் சண்டை மூண்டால் போதும், வடிவம் மாற வேண்டியதில்லை. ஆனால் அதை முழுநேர ஆயுதமாக்க நினைத்தவர்கள் வடிவத்தை மாற்றினார்கள். சுமத்ராவின் வடமுனையில் 1873இல் தொடங்கிய அச்சே போரில் டச்சுக்காரர்களின் நீண்ட துப்பாக்கிகள் புதர்க்காட்டில் கைகொடுக்கவில்லை. கிளேவாங் என்ற வெட்டுவாள் ஏந்தி அருகில் பாய்ந்தவர்களிடம் படை திணறியது. 1890இல் உருவான டச்சு மரேஷௌசே படையணி கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கியோடு அதே கிளேவாங்கையும் எடுத்துக்கொண்டது. 1898 மாதிரிக் கிளேவாங்கில் கையை மூடும் இரும்புக்கூடு சேர்ந்தது. மரம் வெட்டுபவருக்குக் கைக்கூடு வேண்டாம், எதிரே இன்னொரு கத்தி வரும்போதுதான் வேண்டும். அந்த ஒரு மாற்றமே கதையைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்கக் கடற்படையின் 1917 மாதிரிக் குறுவாள் இந்த டச்சுக் கிளேவாங்கைப் பார்த்து எடுத்தது. பிரிட்டிஷ் ராணுவம் எதிர்த்திசையில் போனது: பர்மிங்ஹாமின் மார்ட்டின்டேல் நிறுவனம் அதற்குச் செய்து தந்த கோலோக், காட்டில் வழி வெட்டவே தரப்பட்டது. கருவியாகவே இருந்துவிட்டது.

மதுராத் தீவின் செலூரித்தும் இப்படித்தான். புல்லறுக்கும் அரித் சிறியது, கையடக்கமானது. செலூரித்தின் வளைவு பெரிது, நுனி கூர். மானத் தகராறில் மோதும் காரோக் சண்டையோடு அதன் பெயர் ஒட்டிக்கொண்டது. சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுடைய கெரம்பித், விரல் வளையம் கொண்ட நகக்கத்தி. இன்று உலகெங்கும் தற்காப்புக் கலைக் கடைகளில் விற்பதற்கும் அதற்கும் உறவு பெயரளவில்தான்.

கண்ணில் படாத கத்தி

யாவாவின் கத்திகளில் சமூகத்தை ஆழமாகத் தொட்டது எது என்று கேட்டால் கெரிஸ் என்றுதான் பலரும் சொல்வார்கள். அனி-அனி என்றும் சொல்லலாம். மலாயில் இதற்குக் கெத்தாம் என்றும் துவாய் என்றும் பெயர். உள்ளங்கை அகல மரத்துண்டில் பதித்த சிறு தகடு, அதன் குறுக்கே ஒரு மூங்கில் குச்சி. பெண்கள் இதை விரலிடுக்கில் மறைத்துப் பிடித்து, நெற்கதிரை ஒவ்வொன்றாகத் தண்டோடு அழுத்தி அறுப்பார்கள். நெல்தாய் தேவி ஸ்ரீ கத்தியைக் கண்டு அஞ்சிவிடக்கூடாது என்பது நம்பிக்கை. வேளாண் காரணமும் வலுவானது. பழைய நெல் வகைகள் உயரமானவை, ஒரே வயலில் முன்னும் பின்னுமாக முற்றுபவை. அரிவாளால் மொத்தமாக அறுத்தால் பச்சைக்கதிரும் சேர்ந்து வரும். அனி-அனி முற்றியதை மட்டும் எடுக்கும், தண்டு நீளமாக வருவதால் கட்டித் தொங்கவிட்டுச் சேமிக்கலாம்.

1960களின் இறுதியில் குட்டை ரக நெல் யாவாவுக்கு வந்தது. அது இடுப்புக்குக் கீழே, ஒரே சமயத்தில் முற்றியது. மணி எளிதில் உதிர்ந்தது. ஒவ்வொரு கதிராகக் குனிந்து அறுக்க முடியாது. 1970களில் நின்ற பயிரை மொத்தமாக வாங்கிய வியாபாரிகள் அரிவாளோடு ஆண்களின் சிறு கூட்டத்தை இறக்கினார்கள். அதுவரை ஊரில் யார் வந்தாலும் அறுவடைக்குச் சேர்த்துக்கொண்டு கூலி நெல் தருவது வழக்கம். நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே வயலில் இறங்குவார்கள். ஒரு கத்தியின் இடத்தை இன்னொன்று பிடித்ததில் நிலமில்லாத பெண்களின் பருவ வருமானம் கரைந்தது. எந்த அருங்காட்சியகமும் அனி-அனியை நடுக்கூடத்தில் வைப்பதில்லை.

கெரிஸ் ஏன் எதையும் வெட்டாது

கெரிஸின் காம்பான பெசியைக் கவனித்தால் போதும். உருண்டையான, சுண்டுவிரல் நீளமே உள்ள சிறு கம்பி. அதில் துணியையோ நூலையோ சுற்றிப் பிடிக்குள் திணிப்பார்கள். அரக்குக்கூட இல்லாமல் உராய்விலேயே நிற்பது யாவா முறை. ஒரு முறை ஓங்கி மரத்தில் வெட்டினால் பிடி சுழன்றுவிடும். ஆனால் நேராகக் குத்தினால் விசை முழுதும் காம்பின் நேர்கோட்டில் உள்ளங்கைக்கே வரும். அதற்கு இந்தப் பொருத்தம் போதும். பிடியும் கைத்துப்பாக்கிப் பிடி போல வளைந்து உள்ளங்கைக்குள் அடங்குவது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகின் அடியைக் கிள்ளிப் பிடிக்கும். அலகு 33 முதல் 38 சென்டிமீட்டர், மெலிந்தது, இருபுறமும் கூர். வாயில் உப்பல் கிடையாது. மலாய் அரசுகளில் மரண தண்டனையைக் கெரிஸ் பாஞ்சாங் என்ற நீண்ட, நேரான கெரிஸால் காறை எலும்புக்குப் பின்னாலிருந்து இதயம் நோக்கிக் குத்தி நிறைவேற்றினார்கள். இந்தக் கத்தியின் வடிவத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

அடியில் அலகு ஒரு பக்கம் நீண்டு சமச்சீரற்று விரியும். அந்த அடித்தட்டு கோன்ஜோ, தனித்துண்டாகச் செய்து பெசி வழியே கோத்தது. எதிராளியின் கத்தி வழுக்கி விரலுக்கு வராமல் தடுப்பதும் அதுதான். வளைவுகளை லுக் என்பார்கள்; எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை. வெளியுலகுக்கு கெரிஸ் என்றாலே வளைந்த கத்தி. உண்மையில் நேரலகுக் கெரிஸ்களும் ஏராளம்.

தொன்மைக்குச் சான்றுகள் உறுதியானவை. சக ஆண்டு 1264, அதாவது கி.பி. 1342 பொறித்த ‘க்னாவுட்’ கெரிஸ் ஆம்ஸ்டர்டாமின் டிராப்பன் அருங்காட்சியகத்துக்குக் காட்சிக்கு வந்தது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனக் கடற்தளபதி செங் ஹேயின் கப்பல்களோடு வந்த மா ஹுவான், யாவாவில் மூன்று வயதுப் பிள்ளை முதல் கிழவர் வரை இடுப்பில் கத்தி செருகியிருப்பதை எழுதிவைத்தார். அதே நூற்றாண்டைச் சேர்ந்த, நடு யாவாவின் சுக்கு கோயிலில் ஒரு புடைப்புச் சிற்பம் உண்டு: பீமன் கத்தி அடிக்கிறான், அர்ச்சுனன் குழாய்த் துருத்தி இயக்குகிறான், நடுவில் யானைமுகன் ஆடுகிறான். பட்டறையின் உலை, துருத்தி, செய்து முடித்த அலகுகள் எல்லாம் அதில் தெரிகின்றன. 2005இல் யுனெஸ்கோ கெரிஸை மானுடப் பண்பாட்டின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்றாக அறிவித்தது.

பமோர்: இரும்பை மடிப்பது

கெரிஸ் செய்பவர் எம்பு. அலகில் ஓடும் வெள்ளிக்கோடுகளான பமோர், இரும்போடு நிக்கல் கலந்த இரும்பை அடுக்கி மடிப்பதில் வருவது. முன்பு நிக்கல் கலந்த இரும்பு சுலாவெசியின் லுவூவிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரம்பானான் அருகே கிடைத்த விண்கல் சூரகார்த்தா அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டது. அதிலிருந்து எடுத்தவை அரண்மனைக் கெரிஸ்களுக்குப் போயின. எல்லாக் கெரிஸும் விண்கல்லால் ஆனது என்பது விற்பனையாளர் பேச்சு. இன்று நிக்கல் தகடுதான்.

இரும்புத்தட்டுகளுக்கு இடையே நிக்கல் தகட்டை வைத்து, மஞ்சள் வெள்ளையாகிப் பொறி சிதறும் சூட்டில் அடித்து ஒட்டுவார்கள். நீட்டி, வெட்டி, மடித்து மறுபடி. ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்கு இரட்டிக்கும். ஒன்றாகத் தொடங்கினால் ஏழாம் மடிப்பில் 128. ஒவ்வொரு சூட்டிலும் இரும்பு செதிலாக உதிர்வதால், பத்துக் கிலோவுக்கு மேல் இரும்பில் தொடங்கினாலும் அரைக் கிலோவுக்கும் குறைவான அலகுதான் மிஞ்சும். பமோர்க் கட்டியை இரண்டாக்கி, நடுவே எஃகுத் தகட்டைச் செருகி மறுபடி ஒட்டினால் வாய் எஃகாகவும் பக்கங்கள் பமோராகவும் வரும். லுக் வைப்பது இதற்குப் பிறகு, சூட்டோடு இடமும் வலமும் மாறி மாறி வளைத்து.

பாதி உழைப்பு கெடுவது ஒட்டும் சூட்டில்தான். சூடு குறைந்தாலோ நடுவே சாம்பல் சிக்கினாலோ அடுக்கு ஒட்டாது, ஆனால் ஒட்டியது போல் தெரியும். அரம் போட்ட பிறகு, சில நேரம் பல ஆண்டு கழித்து, எஃகுக்கும் பமோருக்கும் நடுவே கறுப்பு இடைவெளி திறக்கும். யாவாவில் இதைப் பெகாத் வாஜா என்பார்கள். அப்படிப்பட்ட கெரிஸை வீட்டில் வைத்தால் கேடு என்று ஒதுக்கிவிடுவார்கள். அபசகுனப் பட்டியலில் இருக்கும் பல குறைகளுக்கு அடியில் இப்படி ஒரு பட்டறைக் குறை படுத்திருக்கும்.

கோலம் இரண்டு வழியில் வரும். அடுக்குகள் அலகின் பரப்புக்கு இணையாகப் படுத்திருந்து, மேலே அரம் போடும்போது தானாகத் தெரிவது ஒரு வழி. சிந்திய அரிசி போன்ற வோஸ் வுத்தா இப்படிப்பட்டது. அடுக்குகளைச் செங்குத்தாக நிறுத்தி, முறுக்கி, எம்பு திட்டமிட்டே வரவழைப்பது இன்னொன்று. தென்னங்கீற்று போன்ற பிளாராக் ஙிரித் அதற்கு எடுத்துக்காட்டு. உழைப்பும் விலையும் அதிகம்.

அரித்தெடுத்த பிறகுதான் கோலம் கண்ணுக்கு வரும். அதற்கு வாரங்கன்: மனோசிலை, அரிதாரம் போன்ற பாஷாணக் கல்லை நுணுக்கி எலுமிச்சைச் சாற்றில் கலந்து ஊறவைத்தது. இரும்பு கறுக்கும், நிக்கல் வெள்ளியாய் நிற்கும், எஃகு சாம்பலாகும். கெரிஸ் நஞ்சு தோய்த்த கத்தி என்ற ஐரோப்பியர் பேச்சுக்கு விதை இதுவாக இருக்கக்கூடும். வாரங்கன் பூசுவதன் நோக்கம் நிறம்தான்.

யாவானிய ஆண்டின் முதல் மாதமான சுரோவில் கெரிஸைக் கழுவும் சடங்கான ஜாமாசானில் இந்தப் பூச்சு புதுப்பிக்கப்படும். இளநீரில் ஊறவைத்துத் துருவை இளக்குவார்கள். பிறகு எலுமிச்சைச் சாற்றால் தேய்த்து அலகை வெளுக்க வைப்பார்கள். லெராக் என்ற பூந்திக்கொட்டை நுரையால் புளிப்பு முழுவதையும் கழுவுவார்கள். நன்றாக உலர்ந்த பின் வாரங்கன், மறுபடி கழுவல், உலர்த்தல், கடைசியாகச் சந்தன எண்ணெயோ மல்லிகை எண்ணெயோ மெல்லிய பூச்சு. எலுமிச்சையில் இரவு முழுக்கப் போட்டுவிடுவதுதான் பலர் செய்யும் கேடு. துரு போகும், கூடவே இரும்பும் போகும். நிக்கல் மட்டும் மேடாய் நிற்க அலகு தேய்ந்து மெலியும். பெசியின் அடியில் ஈரம் தங்கினால் துரு உள்ளிருந்தே தின்னும். அங்கே தனியாகத் துடைக்க வேண்டும். எண்ணெய் மிகுந்தால் உறையின் மரம் உறிஞ்சித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாஷாணத்தை வெறும் கையால் தொடுவதும் மூடிய அறையில் கையாள்வதும் கூடாது.

அரண்மனையில் கெரிஸுக்குத் துணையாக இன்னொரு கத்தி இருந்தது: வெடுங். அகன்ற வெட்டுகத்தியின் உருவம், கூர்மைக்கு அவசியமில்லாத நகல். அரசருக்காகக் காட்டுவழி வெட்டத் தயார் என்று காட்ட, அரண்மனை ஊழியர் கொம்புக் கொக்கியால் இடுப்பில் மாட்டிக்கொண்டார்கள். கருவி உடையலங்காரமான கதை இது, கெரிஸ் போன வழியின் இன்னொரு கிளை.

பழசாக்கப்பட்ட புதிது

மதுராவின் சுமெனெப் வட்டாரத்தில் ஆயெங் தொங்-தொங் போன்ற ஊர்களில் கெரிஸ் அடிப்போர் இன்றும் பெருங்கூட்டம். சூரகார்த்தா கலைக் கல்லூரியில் கெரிஸுக்கென்றே பாடப்பிரிவு உண்டு. புதிய கெரிஸ் புதியதாகவே விற்கப்படும்வரை இதில் குறையில்லை. அமிலத்தில் முக்கி, மண்ணில் புதைத்து, யாவாவின் பழைய பேரரசைச் சொல்லி ‘மஜாபாகித் காலத்தது’ என்று விற்பதும் நடக்கிறது.

அதைப் பிடிக்கும் இடம் மறுபடியும் பெசிதான். அமிலம் அலகு முழுவதையும் ஒரே அளவில் தின்னும். குழிகள் ஒரே ஆழத்தில் இருக்கும், குழியின் விளிம்பு கூர்மையாக இருக்கும். பல நூறு முறை ஜாமாசானில் தேய்ந்த அலகில் விரல் அழுந்தும் பள்ளங்கள் மழுங்கியும், வாயோரம் மெலிந்தும், கோன்ஜோவை ஒட்டிய மூலைகள் தேயாமலும் இருக்கும். பிடியைக் கழற்றினால் பழைய பெசி கறுத்து, துணி சுற்றிய பகுதியும் வெளிப்பட்ட பகுதியும் வேறு வேறு நிறமாய்த் தெரியும். புதிய பெசியில் அரம் போட்ட கோடுகள் அப்படியே கிடக்கும். கோன்ஜோவும் அலகும் ஒரே பமோர்தானா என்றும் பார்க்க வேண்டும்; வேறாக இருந்தால் பெரும்பாலும் இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். பிடியைக் கழற்றிக் காட்டத் தயங்கும் கடைக்காரரிடம் விலை பேசத் தொடங்காமல் இருப்பது நல்லது.